கச்சானில் ஒரு நீல வளையம்

கச்சான், அதாவது நிலக்கடலை, கோது உடைப்பதற்கு முன் அக்கா தண்ணீர் தெளிப்பாள். கச்சானைப் பரப்பி, வாளித் தண்ணீரைக் கையால் விசிறி, ஈரச் சாக்கால் மூடிவிடுவாள். மறுநாள் கோது நமுத்து, நகம் நோகாமல் உடையும். எங்கள் ஊரான கரடியனாற்றில் எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். நான் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, திரும்பும்போது அதில் ஒரு பை கட்டித் தருவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் மட்டுமே.

கடைசி வருட ஆய்வுக்கு எனக்கு வாய்த்தது கச்சானில் பிடிக்கும் பச்சைப் பூஞ்சணம். தேங்காய்ப்பால் சேர்த்த ஊடகத்தில் வளர்த்து, கழியூதா (புற ஊதா) விளக்கின் கீழ் பார்த்தால் நஞ்சு சுரந்த இடம் நீலமாக ஒளிரும். ஒரு தட்டில் சாதாரணப் பூஞ்சணம். மற்றதில், கலத்துக்குள், அதாவது உயிரணுவுக்குள், ‘வளர்’ என்று சொல்லும் சமிக்ஞை அணையாமலே மாறிப்போன ஒன்று. ஆய்வை வழிநடத்திய எங்கள் மேடம் தான் படித்த வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அது பஞ்சுபோல வெள்ளையாக வளர்ந்துகொண்டே போனது. வித்தியுமில்லை, நஞ்சுமில்லை. சாதாரணமானதோ ஒரு கட்டத்தில் அந்தச் சமிக்ஞையைத் தானே அடக்கியது. அதன் பிறகுதான் பச்சை வித்திகளும் நஞ்சும். கலமென்சவ்விலுள்ள ஒரு புரதம் வெளியே இருப்பதை உணர்ந்து, செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே உட்கரு வரை அனுப்புகிறது. கண்ணில்லை, மூளையில்லை, ஆனாலும் எப்போது நிறுத்துவது என்று அந்த நூலிழைக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பிட, வீட்டில் தின்னும் கச்சானும் தேவைப்பட்டது. கையிலிருந்தது அக்காவின் பை. பூஞ்சணம் எதுவும் தெரியாத ஐந்து பருப்புகளை அதே ஊடகமிட்ட தட்டில் வைத்தேன். சில நாளில், விளக்கின் கீழ், மூன்றைச் சுற்றி நீல வளையம். எவ்வளவு வடிவு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகே இதே கச்சானைத் தின்னும் அக்காவின் மூன்று வயது மகள் நினைவுக்கு வந்தாள். பருப்பில் ஏற்கெனவே நஞ்சிருந்தது என்று அந்த வளையம் சொல்லாது. சுரக்கக்கூடியது உள்ளே இருக்கிறது, ஈரம் கிடைத்தால் போதும் என்று சொல்லும். அந்த ஈரத்தை நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அக்கா வாளியோடு நின்றாள்.

“தண்ணி தெளிக்காதக்கா.”

“ஏன், உன்ர கம்பஸ்ல தண்ணி தெளிக்கிறதுக்கும் சோதினை இருக்கா?”

வளையத்தைப் பற்றிச் சொன்னேன்.

“பழுதானதப் பொறுக்கி எறியிறன்தானே. மிச்சத்தக் கழுவி வெயில்ல போட்டா?”

“பச்சை போகும், நஞ்சு போகாது. அவிச்சாலும் வறுத்தாலும் முழுசாப் போகாது. கன நாள் திண்டா ஈரலப் பிடிக்கும்.”

“புள்ளைக்கு?”

“சின்னாக்களுக்குத்தான் கூடக் கேடு.”

அக்கா வாளியை இறக்கி வைத்தாள். “சரி, மறுகா காஞ்ச கோத ஆர் உடைக்கிற? நீ நகத்தோட வந்திருக்கியா?”

“ஓம், உடைக்கிறன்.”

முந்தின நாள் தெளித்து மூடியிருந்த குவியல் முழுவதையும் அவளே அள்ளி, குழி வெட்டிப் புதைத்தாள். தான் விதைத்துப் பிடுங்கிய கச்சான். ஆய்வுகூடத்தில் அப்படியொரு துணிவை நான் கண்டதில்லை.

காய்ந்த மூட்டையை அவிழ்த்து இருவரும் உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் என் பெருவிரல் வெடித்துவிட்டது. மகள் வந்து கை நீட்டினாள். அக்கா ஒரு பருப்பை எடுத்து, இரண்டாகப் பிளந்து, வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தாள். பிறகுதான் கொடுத்தாள்.