ரத்தம் சுத்தமாகிற நேரத்துக்குள்

பஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் கண்டக்டரின் குரல் பின்படி வரைக்கும் கணீரென்று கேட்கும். ஓய்வு பெற்றதும் அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் போனது. மனைவிக்குச் சிறுநீரகம் கைவிட்டபோதுதான் மறுபடி வேலை வந்தது. வாரம் இரண்டு முறை அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். நாலு மணி நேரம் அவள் கையில் குழாயோடு படுத்திருக்க, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தடியான நாவல் ஒன்றை வாசிப்பார். அவளுக்கு மட்டும் மெல்ல வாசிப்பதாக அவர் நினைப்பு. வார்டு முழுக்கக் கேட்டது.

பக்கத்துக் கட்டில் தையல்காரர் அந்தக் கதைக்கு அடிமையாகிவிட்டார். "அண்ணே, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்புவாளா மாட்டாளா? முடிவை மட்டும் சொல்லிடுங்க."

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல, கடைசி ஸ்டாப் வரைக்கும் வாங்க" என்று சிரித்தார் கண்டக்டர்.

அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். தையல்காரர் எங்கே என்று கேட்டதற்கு நர்ஸ் உதட்டைப் பிதுக்கி, மேலே கையைக் காட்டினாள்.  நாவலைப் பைக்குள் வைத்த கண்டக்டர் அப்புறம் அதைத் திறக்கவேயில்லை.

"என்னங்க, சும்மா இருக்காதீங்க" என்றாள் மனைவி. "இங்க ஆரம்பிச்சு இங்கயே முடியற மாதிரி ஏதாவது வாசிங்க."

சிறுகதைகள் கொண்டுபோனார். மனசு ஒட்டுவதற்குள் முடிந்துவிட்டன. நூலகத்தில் போய்ப் புலம்பினார். நூலகர் அம்மா ஒல்லியான புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"குறுநாவல் சார். நாவெல்லான்னும் சொல்வாங்க. அந்த வார்த்தைக்கு முதல்ல 'புதுச் சேதி'ன்னுதான் அர்த்தம். பல நூறு வருஷம் முன்னாடி இத்தாலியில, கொள்ளைநோய்க்குப் பயந்து ஒதுங்கினவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற மாதிரி இந்தக் கதைகளை எழுதினாங்க. போகப்போகத்தான் இந்த அளவுக்கு வளர்ந்துச்சு."

"சாவு பக்கத்துல நிக்கறப்பவா கதை?"

"ஆமா சார். சிரிப்புக் கதைகூட."

கண்டக்டர் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த டயாலிசிஸின்போது வாசித்த அந்தக் கதையில் ஒரே ஆள், ஒரே சம்பவம். கடிகாரம் பழுதுபார்க்க வந்தவனை, என்றோ காணாமல் போன தங்கள் மருத்துவர் என்று ஒரு ஊரே நம்பிவிடுகிறது. கிளைக்கதை எதுவும் இல்லை. கதை நேரே போய்க்கொண்டே இருந்தது. பக்கங்கள் குறையக் குறைய வார்டில் இருமல்கூட அடங்கியது. கடைசி வரியை வாசித்து நிமிர்ந்தபோது, வேலை முடிந்த மெஷின் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் பஞ்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அதுவரை வாயே திறக்காத அந்தப் புது ஆள், "அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை..." என்றார்.

கட்டிலைவிட்டு நகராதவர்கள் ஒரு முழு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். தன் குரலா இதைச் செய்தது என்று கண்டக்டரால் நம்பவே முடியவில்லை.

அதற்கப்புறம் மனைவி மூன்று வருஷம் இருந்தாள். அவள் போன அடுத்த வாரம், கால் தன்னால் வார்டுக்கு நடந்தது. யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையோடு கொண்டுவந்த குறுநாவலின் முதல் பக்கத்தைத் திறந்தார்.