ரோஸ் கலர் முயல்

எங்கள் முதலாளிக்குப் பறவைகள் என்றால் அருவருப்பு. சாலைக் கடைத்தெருவில் கிளி, மைனா, புறா, முயல், வெள்ளெலி, தங்கமீன் எல்லாம் விற்கிற கடையை வைத்துக்கொண்டு, கூண்டுப் பக்கம் வந்தால் தோளில் கிடக்கும் நேரியதுத் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாமனார் கொடுத்த கடை அது. மனைவியைப் போலவே கடையும் தன் அந்தஸ்துக்குக் குறைவு என்பது அவர் எண்ணம். இரண்டையும் விடவும் மாட்டார்.

நான் கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தேன். யுத்த காலம். என்னைக் கட்டியவன் சிலோனுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். நான் நெய்யாற்றின்கரையில் அக்கா வீட்டில் இருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓடிய பஸ்ஸில் தினமும் திருவனந்தபுரத்துக்கு வந்து போவேன். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

கடையில் முன்பு இரண்டு ஆண்கள் வேலை செய்தார்கள். ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தான். இன்னொருவன் கல்லாற்றுப் பக்கம் ஏதோ தோட்டத்தில் வேலை கிடைத்துப் போனான். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. கேட்டால், "ஆள் கிட்டணுமே பிள்ளே, யுத்தமில்லியா?" என்பார் முதலாளி. தினை வாங்காததற்கும் யுத்தம், கூண்டுக் கம்பி துருப்பிடித்ததற்கும் யுத்தம், கூரையில் ஓடு உடைந்து கிடந்ததற்கும் யுத்தம். ஜெர்மனிக்காரன் நேரே வந்து எங்கள் ஓட்டை உடைத்துவிட்டுப் போனதுபோலப் பேசுவார். நாலு மணியானதும் உத்தியோகஸ்தர்களோடு சீட்டு விளையாடக் கிளப்புக்குப் போய்விடுவார். அதற்கு யுத்தம் குறுக்கே வந்ததேயில்லை.

அதன்பிறகு கடை என் தலையில். விற்பதும் நான், அடைப்பதும் நான். அடைப்பதென்றால் பலகையை இழுத்து வைத்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு கூண்டிலும் எச்சத்தைச் சுரண்ட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், மீன் ஜாடிகளைத் திண்டிலிருந்து உள்ளே எடுக்க வேண்டும், பெருச்சாளி வராமல் முயல் பெட்டிக்குக் கல் வைக்க வேண்டும், கிளிகளுக்குச் சாக்குப் போர்த்த வேண்டும். மூன்று பேர் பேசிக்கொண்டே செய்த வேலை. அதை ஒருத்தி செய்துகொண்டிருக்கும்போதுதான் வாங்க வருகிறவர்கள் வருவார்கள். நன்றாக உடுத்தியவர்கள். என்னிடம் பேச மாட்டார்கள். கூண்டைப் பார்த்து, "இது என்ன விலை?" என்பார்கள். கிளி பதில் சொல்லும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

அவர்கள் ஆசையாக வாங்கிப் போனது வண்ணக்குருவிகளை. உண்மையில் அவை வயலில் நெல் கொத்தித் திரியும் தினைக்குருவிகள். வலைக்காரன் கூடை கூடையாகக் கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி பின்கட்டில் சாயப்பொடி கரைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுப்பார். அவர் கையால் செய்த ஒரே வேலை அதுதான். சிங்கப்பூர்க் குருவி என்று பெயர். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகும் அங்கிருந்து குருவி எப்படி வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரு டாக்டரின் மனைவி, இந்தக் குருவிகள் அந்த ஊரில் எந்த மரத்தில் கூடு கட்டும் என்பதைத் தன் தோழிக்கு என் முன்னாலேயே விளக்கினாள்.

ஐப்பசி மாதம். மதியம் வரை வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடி இடித்துக் கொட்டுகிற மழை. பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி, மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கூண்டு நிறைய ரோஸ் நிறக் குருவி வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கடை அடைக்கும் நேரத்துக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. முதலாளி எல்லாவற்றையும் சிவப்பில் முக்கித் தயாராக வைத்துவிட்டு, அவள் வரும்போது தானும் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளப்புக்குப் போனார். கூண்டை எங்கே தொங்கவிட்டார் என்றால், உடைந்த ஓட்டுக்கு நேர் கீழே. அந்த ஓட்டைப் பற்றி நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் அண்ணாந்து பார்த்ததுகூட இல்லை.

மழை பிடித்தபோது நான் வான்கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தோட்டத் துரையின் கிறிஸ்மஸுக்காகத் தீனி போட்டு வளர்த்தது. இடிச் சத்தத்தில் கதவை முட்டித் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. அதை எதிரே கயிற்றுக் கடைக்குள் மடக்கி, கொத்து வாங்கி, தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால், ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீரில் குருவிகள் சிறகடித்துக் குளித்துக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் மறுபடியும் தவிட்டு நிறம். கழுவிய சாயமெல்லாம் கீழே பெட்டியிலிருந்த வெள்ளை முயல் மேல் சொட்டி, அது காது முதல் வால் வரை ரோஸ் நிறமாகி உட்கார்ந்திருந்தது.

முதலாளி வந்தார். குருவிகளைப் பார்த்தார்.

"என்னளா செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யல்ல. மழை பெய்தது."

"சாயத்தக் கரை. சீக்கிரம். அவங்க இப்ப வருவாங்க."

"நான் தூத்துவாரத்தான் வந்தேன் மொதலாளி. முக்கிறதுக்கு இல்ல. ஏற்கெனவே நடுங்குது. இன்னும் நனைச்சா செத்துப்போகும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். துடைப்பம் பேசியதுபோல. பிறகு நேரியதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தானே சாயத்தைக் கரைத்துக் கூண்டுக்குள் கையை விட்டார். குருவிகள் கொத்தின. சிலதை முக்கிவிட்டு, முழங்கை வரை சிவப்போடு அவர் இன்னொரு குருவியைப் பிடித்து நின்றபோது கார் வந்து நின்றது.

அந்த அம்மாள் குடையோடு உள்ளே வந்தாள். பின்னால் டிரைவர்.

"கையில என்ன சிவப்பு?" என்றாள்.

"மருந்து. நனைஞ்சா குருவிக்குச் சளி பிடிக்கும், அதான்."

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் முயல் கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தாள். "இதை எவிடேந்து வரவழைச்சேள்?"

முதலாளி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பாரசீகம். யுத்தத்துக்கு முந்தி கடைசிக் கப்பல்ல வந்தது. இனி கிட்டாது."

அவளுக்கு எங்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினாள். "நெஜ வர்ணந்தானா? போயிடாதே?"

அந்தக் கடையில் வாங்க வந்த ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் பதில் சொன்னேன். "மேல இருக்க குருவிச் சாயம் ஒழுகி விழுந்ததும்மா. இன்னைக்குக் காலையில இது வெள்ள முயல். சோப்புப் போட்டுக் கழுவினா வெள்ளையாயிரும்."

அவள் முகம் சுருங்கியது. என்னை விட்டுவிட்டு முதலாளியிடம், "வேலைக்காராளுக்கு ரொம்ப எடம் குடுத்து வெச்சிருக்கேள்" என்றாள். குருவி வேண்டாம், முயல் போதும் என்றாள்.

டிரைவர் முயலைத் தூக்கினான். அவனுடைய வெள்ளைச் சட்டைக் கையில் ரோஸ் நிறம் திட்டாக ஒட்டியது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அந்த அம்மாளும் அதைப் பார்த்தாள். "அழுக்குக் கையோட அதைத் தொடாதே" என்று அவனைக் கடிந்துகொண்டாள்.

கார் போனதும் முதலாளி என்னிடம், "நாளைக்கு நீ வரண்டாம்" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். வெளியே நனையும் மீன் ஜாடிகள், கதவு உடைந்த வான்கோழிக் கூண்டு, அடைக்காத பலகைகள். "நாளைக்குக் காலத்தே வந்துரு" என்று மாற்றிச் சொல்லிவிட்டு, நேரியதை மறந்து மழையிலேயே கிளப்புக்கு நடந்தார்.

நான் டீக்காரனிடம் கொஞ்சம் தணல் வாங்கி வந்து, குருவிகளை முதலாளியின் நேரியதால் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சூட்டுக்கு அருகில் வைத்தேன். சரிகைக் கரை போட்ட நல்ல துணி. நன்றாக ஈரம் உறிஞ்சியது. அவர் மறுபடி முக்கியவை எல்லாம் காலையில் விறைத்துக் கிடந்தன. முக்காதவை பிழைத்தன.

கொஞ்ச நாளில் அந்த டிரைவர் கடைக்கு வந்தான். முதலாளி இல்லாத நேரம். அதே மாதிரி இன்னொரு முயல் வேண்டுமாம், அம்மாளின் தோழிக்கு.

"முந்தினது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வெள்ளையாப் போச்சு. நம்ம ஊர்த் தண்ணி அதுக்கு ஒத்துக்கல்லையாம். அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுது."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. இவர்களிடம் உண்மையைச் சொல்லியும் பயனில்லை, பொய்யைக் கண்ணெதிரே கழுவிக் காட்டியும் பயனில்லை.

விஷயம் கிளப்பில் முதலாளியின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுநாள் அவர் ஒரு கூடை வெள்ளை முயல்களோடும் பெரிய சாயப் பொட்டலத்தோடும் வந்து இறங்கினார். அவ்வளவு உற்சாகமாக நான் அவரைப் பார்த்ததில்லை. "இனி முயலுதான் பிள்ளே. ரோஸ், பச்சை, ஊதா. நீ பிடிச்சுக் குடுத்தாப் போதும், நான் முக்கிக்கிடுவேன்."

அன்று மதியத்துக்குள் எல்லாக் கூண்டுகளையும் சுரண்டினேன், தண்ணீர் மாற்றினேன், இருந்த தினையை எல்லாம் பகிர்ந்து போட்டேன். பிறகு புறப்பட்டேன்.

"எங்கே?" என்றார்.

"வீட்டுக்கு. இனி வரமாட்டேன்."

"அப்ப சாயங்காலம் கடையை யாரு அடைக்கிறது?"

நான் போய்விட்டால் என்ன செய்வேன் என்றோ, ஏன் போகிறேன் என்றோ அவர் கேட்கவில்லை. "ஆள் கிட்டாது மொதலாளி, யுத்தமில்லியா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பகல் வெளிச்சத்தில் நெய்யாற்றின்கரையில் இறங்கி நடந்து வந்த என்னைப் பார்த்து, முற்றத்தில் கிழங்கு உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, "வேலை போச்சா?" என்று கேட்டாள்.

"போகல்ல. விட்டுட்டேன்."

"நல்லது. முதல்ல தலைக்குக் குளி. முடியெல்லாம் புறா எச்சம்" என்றாள் அக்கா.