குபேரன் திசையில் ஒரு குருவிப்பெட்டி

வாஸ்து பார்த்து, முகூர்த்தம் வைத்து, ஒரு பறவைக்கு வீடு மாட்டிக் கொடுத்தவன் இந்தக் கல்கத்தாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குடிபுகுந்தவர்கள் உருப்படவில்லை.

அப்போது பாலிகஞ்சில் பாதி தோட்டம், பாதி குளம். மிச்ச இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு மாமரம், அதற்கும் அப்பால் காரை பெயர்ந்த ஒரு மதில். நான் தினமும் டிராம் ஏறி கிடர்பூருக்குப் போய், கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துவந்தேன். என் கையெழுத்துக்காகவே வேலை கொடுத்ததாகத் துரை சொல்வார். அச்சடித்த மாதிரி இருக்கும். அதைச் சொல்லிக்காட்டாமல் நான் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. தர்க்க சாஸ்திரம் படித்து பி.ஏ. வாங்கியவன் வேறு. ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் முகச்சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டேன்.

என் மனைவி கும்பகோணத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு வங்காளம் தெரியாது. காய்கறிக்காரியிடம் விரலைக் காட்டுவாள், அவள் பதிலுக்குத் தன் விரலைக் காட்டுவாள், வியாபாரம் முடிந்துவிடும். நான் ஆபீஸ் போனபின் வீட்டில் அவளோடு பேசியது ஒரு ஜோடிப் பறவை மட்டும்தான். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, எந்நேரமும் யாரையோ ஏளனம் செய்கிற தோரணையில் நிற்குமே, அந்தக் குண்டுக்கரிச்சான். இந்த ஊரில் தொயேல் என்பார்கள். மதிலில் ஒரு பொந்து இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அதில்தான் அவை குடித்தனம் நடத்தின. ஆண் பறவை காலையில் மதில்மேல் உட்கார்ந்து விசிலடிக்கும். இவள் ரசத்தைக் கிளறிக்கொண்டே, "ஆமாமா, உனக்கென்ன, உக்காந்து பாடுவே" என்பாள்.

அந்தப் பொந்தைத்தான் நான் போகிக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்தேன். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. பொந்து என்றால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏன்னா, பொந்தை அடைச்சுட்டேளா?"

"பின்னே, பொந்தை விட்டுட்டுச் சுவரை மட்டும் வெள்ளையடிக்கறதா?"

"அதுல கரிச்சான் இருந்துதேன்னா. போன வருஷம் குஞ்சு பொரிச்சுதே."

"வாடகை குடுத்துதா?"

மாசி பாதியில் அவள் மறுபடி ஆரம்பித்தாள். ஜோடி திரும்பி வந்துவிட்டதாம். அடைத்த இடத்தைக் கொத்திக்கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோகிறதாம்.

"இடிச்சு விடுங்கோளேன்."

"பண்டிகைக்கு அடிச்ச சுவரை யாராவது இடிப்பாளா? அபசகுனம்."

"அதுகள் போயிடுத்துன்னா எனக்கு இந்த ஊர்ல பேச நாதியில்லை."

"நான் இல்லையா?"

"நீங்க பேசறேள். நான் பேசறதுக்குச் சொல்றேன்."

என் தர்க்க சாஸ்திரத்தை மூட்டை கட்டினேன். ஆகவே, நானே ஒரு பெட்டி செய்து மரத்தில் மாட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். துரையின் தோட்டத்தில் அப்படி ஒன்று தொங்குவதைப் பார்த்திருந்தேன். சீமையில் இது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றார்.

கிடர்பூரில் உடைந்த தேயிலைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றைக் கொண்டுவந்து, தச்சனை விட்டுச் சின்னதாக அடிக்கச் சொன்னேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தகட்டை எடுக்க வேண்டாம் என்றேன். குருவிகளுக்கு ஈயம் பூசிய மாளிகை. முன்பலகையில் ஒரு குருவி நுழையும் அளவுக்கு ஓட்டை. பின்பலகையில் கறுப்பு மையில் 'லண்டன்' என்று பெரிதாக இருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை.

பெட்டி இரண்டே நாளில் தயார். இனி நாள் பார்க்க வேண்டும். மாசியில் மிச்சமிருந்த நாட்கள் ஒன்றும் சரியில்லை. பங்குனியில் கிரகப்பிரவேசம் கூடவே கூடாது. எனவே சித்திரை என்று முடிவு செய்தேன்.

"முட்டையிடற காலம் இதுதானேன்னா. அதுகளுக்குப் பஞ்சாங்கமா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

பெட்டி ஒரு மாதத்துக்கு மேல் என் மேஜைக்கடியில் கிடந்தது. அந்த ஜோடி, பாவம், தாழ்வாரத்து இறவாணம், பழைய வாளி, என் செருப்பு என்று வீடு தேடி அலைந்தது.

சித்திரையில் நல்ல நாளும் வந்தது. திசை எது என்பதுதான் பாக்கி. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு முன்சீப் இருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், எனவே என் காரியங்களைத் தன் காரியமாகப் பார்ப்பவர். வேலியைப் பிடித்துக்கொண்டு, 'ஐயா' என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற 'மொஷாய்' போட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"தெற்கு, மொஷாய், தெற்கு! இந்த ஊரில் தெற்குப் பார்த்த வீடு என்றால் நம்பிப் பெண் கொடுப்பார்கள்."

"எங்களுக்குத் தெற்கு எமன் திசை, ஐயா."

"எமன் உங்கள் மதராசுக்குத் தெற்கே இருப்பான். எங்களுக்குத் தெற்கே கடல். காற்றுதான் வருகிறது."

நான் விட்டுக்கொடுப்பேனா? வடக்கு என்றேன். குபேரன் திசை. செல்வம் கொழிக்கும்.

"தொயேலுக்கு எதற்கு மொஷாய் செல்வம்? சரி, அடியிலாவது இரண்டு ஓட்டை போடுங்கள். தண்ணீர் வடியட்டும்."

"வீட்டுத் தரையில் ஓட்டை போடுவது வங்காளத்து வழக்கமா?"

"இல்லை, நாங்கள் கூரையில்தான் போடுவோம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மெல்லப் போய்விட்டார்.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சமையலறை ஜன்னலைப் பார்த்து வாசல் இருக்கட்டும். போறதும் வரதும் தெரியணும்."

"அது தெற்குடீ."

"தெற்கா இருந்தா என்ன? மதில்ல இருந்த பொந்தும் இந்தப் பக்கம் பார்த்துதானே இருந்தது?"

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பறவைகள் தாமாகத் தேர்ந்தெடுத்த வீட்டின் வாசல் தெற்கு. வருஷக்கணக்கில் எமன் எட்டிப்பார்த்ததில்லை. ஆனால் முன்சீப் காதில் விழும்படி வடக்கு என்று சொல்லியாகிவிட்டது. ஏணி போட்டு, மாமரத்தில் பெட்டியை வடக்கே பார்த்து மாட்டினேன். மஞ்சள் பூசினேன். மாவிலை கட்டினேன். கணபதி ஹோமம் ஒன்றுதான் பாக்கி. சமையலறையிலிருந்து பார்த்தால் பெட்டியின் முதுகு தெரிந்தது. அவள் தினமும் 'லண்டன்' பார்த்துக்கொண்டு சமைத்தாள்.

ஆனால் கதியற்ற ஜோடி, மூன்றாம் நாளே உள்ளே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் துரையிடம் சொன்னேன். வேலி ஓரம் நின்று முன்சீப்பிடம் குபேரனைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். என் மனைவி ஒரு முக்காலியை மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டு, வேலை முடிந்ததும் அந்தப் பக்கமாகப் போய் உட்கார ஆரம்பித்தாள். வைகாசி பிறந்த சமயம் குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது என்றாள். நாலு இருக்கும் என்றாள். அத்தனை சந்தோஷமாக அவள் முகத்தை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

கல்கத்தாவில் கோடைப்புயலுக்குக் காலபைசாகி என்று பேர். சாயங்காலம் திடுதிப்பென்று வானம் கறுத்து, வடமேற்கிலிருந்து அறையும். வடமேற்கிலிருந்து. எமனுக்குத் திசை தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று டிராம் நின்றுவிட்டது. பாதி வழி நடந்து, முழங்கால் சேற்றோடு வீட்டுக்கு வந்தேன். வீடு திறந்து கிடந்தது. பின்பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. என் மனைவி முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முறத்தைப் பெட்டி வாசலில் அழுத்திக்கொண்டிருந்தாள். புடவை, தலைமயிர் எல்லாம் சொட்டியது. மழை நின்றது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று சொன்னது இது:

"முறத்தால புலியை விரட்டினாளாம் ஒருத்தி. நீ மழையை விரட்டறியா?"

அவள் முறத்தை எடுத்தாள். நான் ஏணியைச் சாத்தி ஏறி மூடியைத் திறந்தேன். ஈயத்தகடு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை. நல்ல வேலைப்பாடு. பாத்திரம் மாதிரி நிறைந்து நின்றது. நாலுதான். அவள் சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.

தாய்ப்பறவையும் ஆணும் மதிலில் உட்கார்ந்திருந்தன.

"என்ன பண்றது" என்றேன். "அதுகளோட தலையெழுத்து."

அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். முறத்தை உதறினாள்.

"தலையெழுத்து இல்லேன்னா. உங்க கையெழுத்து."

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். எனக்கு அன்றும் வேளா வேளைக்குச் சாப்பாடு கிடைத்தது.

மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கழற்றி, அடியில் ஓட்டை போட்டு, தெற்கே பார்த்து மாட்டினேன். வெறும் பெட்டிக்கு அருமையான திசை. அந்த வருஷம் அதில் எறும்புதான் குடியிருந்தது.

அதன்பிறகு அவள் ஒருநாள் வேலியைச் சுற்றிக்கொண்டு முன்சீப் வீட்டுக்குப் போனாள். போகலாமா என்று கேட்கவில்லை. முன்சீப்பின் மனைவியிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வங்காளம் கற்றுக்கொண்டாள். கார்த்திகைக்குள் காய்கறிக்காரியிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். முன்சீப் என்னிடம், "உங்கள் வீட்டு அம்மாள் எங்களைவிட நன்றாகத் திட்டுகிறார்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது புரிய எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. புடவை கேட்கவில்லை. ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. தேவையானதை அவளே செய்துகொண்டாள், அல்லது வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகுகாலம். மூன்றையும் தேடிப்பிடித்து, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போய், நான் அடைத்த பொந்தை நானே உடைத்தேன். காரை நன்றாக இறுகியிருந்தது. கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"ராகுகாலம்னா இது."

"தெரியும்."

"உங்களை யாரும் கேக்கலையே" என்றாள்.

கேட்கவில்லைதான். நான் உளியைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

யாராவது தோட்டத்தில் பறவைக்குப் பெட்டி மாட்டப்போவதாக இருந்தால், இந்த ஊரில் தை மாதத்துக்குள் மாட்டிவிடுங்கள். தெற்கே பார்த்து, நிழலில், ஒரு ஆளுக்குமேல் உயரத்தில். அடியில் ஓட்டை போடுங்கள். தகடு கிகடு எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அதைத் தினமும் பார்க்கப்போகிறவள் யாரோ அவளிடம் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, அங்கேயே மாட்டுங்கள்.

மாசியில் கரிச்சான்கள் பழைய பொந்துக்கே வந்துவிட்டன. அதை என்னிடம் சொன்னது முன்சீப். அவருக்கு என் மனைவி சொன்னாளாம், நல்ல வங்காளத்தில்.