முகக்கம்பிக்கு வைத்த திருநீறு

என் மகள் வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை வெளியேயும் மேல்பல் வரிசை உள்ளேயும் போய் நிற்கும். பால்பல் இருந்தபோதே அப்படித்தான் இருந்தது. விழுந்து முளைத்தால் சரியாகிவிடும் என்று நானும் சும்மா இருந்தேன். முளைத்த பல்லும் பழைய பல்லின் இடத்திலேயே போய் நின்றுகொண்டது. முன்பல்லால் எதையும் கடித்து எடுக்க அவளுக்கு வராது. முறுக்கைக் கடைவாயில் கொடுத்துத்தான் உடைப்பாள். பொங்கலுக்கு அவள் அப்பா கரும்பைக் கடித்துத் துண்டு துண்டாக்கிக் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீடு வில்லாபுரத்தில். எதிர் வீட்டு அக்காவுக்கு என் மகளைப் பார்த்தால் ஒரே பேச்சுத்தான்.

"கீழ்த்தாடை முன்னுக்கு நின்னா ஊரை ஆளுற சாதகம்டி. ஒம் மக கலெக்டரா வருவா பாரு. அம்புட்டுப் பேரும் கைகட்டி நிப்பாய்ங்க."

மகள் அப்போது நாலாம் வகுப்பு. நிமிர்ந்து பார்த்து, "கலெக்டருக்குக் கரும்பு யாரு கடிச்சுத் தருவா பெரியம்மா?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனைக்கு வந்தவர்கள் இவளைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தி, இதற்கென்று படித்த டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லிவிட்டார்கள். திருநகரில் ஒரு டாக்டரம்மா இருப்பதாக விசாரித்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். என் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். பட்டறையைப் பாதி நாள் சாத்திவிட்டு வந்தார்.

டாக்டரம்மா கண்ணாடி வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், ஒரு தட்டில் இளஞ்சிவப்பு மாவை அப்பி அச்சு எடுத்தார். "ஸ்ட்ராபெரி வாசம் வருது, முழுங்கவா?" என்று மகள் கேட்க, "முழுங்குனா வயித்துல பல்லு மொளைக்கும்" என்றார் டாக்டரம்மா. அப்போதே அவரை இவளுக்குப் பிடித்துவிட்டது.

பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"மூணு வழி இருக்கும்மா. ஒன்னு, இப்ப ஒன்னும் செய்யாம விடுறது. பெரியவளாகி வளத்தி நின்னப்புறம் தாடை எலும்பை அறுத்து நகத்தி ஆபரேஷன் பண்ணணும். ரெண்டாவது, எல்லாப் பல்லும் மொளைச்ச பிறகு கம்பி போட்டுப் பல்லை மட்டும் சாய்க்கிறது. பாக்கச் சேந்த மாதிரி இருக்கும், எலும்பு பழைய இடத்துலயேதான் இருக்கும். மூணாவது, இப்பவே மேல்தாடையை முன்னுக்கு இழுக்கிறது. இவளுக்குக் கீழ்த்தாடை பெருசு இல்ல. மேல்தாடைதான் பின்தங்கிப் போச்சு. இந்த வயசுல எலும்பு சொன்ன பேச்சு கேக்கும். ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்காது."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன்ல காட்டுறாய்ங்களே டாக்டரம்மா, கண்ணாடி மாதிரி ஒரு உறை. மாட்டுனா வெளிய தெரியாதாம்ல. அது பத்தாதா?" என்று கேட்டார்.

"அது பல்லை நகத்தும்ணே. இவளுக்கு இழுக்க வேண்டியது எலும்பை."

எனக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. 'அறுத்து' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இவளுக்குக் காது குத்தும்போதே கண்ணை மூடிக்கொண்ட ஆள் நான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எங்கள் குலசாமி கருப்பனிடம், ஐயா, அந்தக் கத்தி என் பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது, உன் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வழிக்கே சரி என்றோம்.

முதலில் மேலண்ணத்தில் ஒரு தகட்டை ஒட்டினார்கள். அதன் நடுவில் சின்ன திருகாணி. தினமும் குட்டிச் சாவியைப் போட்டு ஒரு திருகு திருகினால் மேல்தாடை பையப் பைய அகலுமாம். அந்த வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். பட்டறையிலிருந்து வந்து கிரீஸ் போக நாலு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பேட்டரி விளக்கை என் கையில் கொடுப்பார்.

"ஆத்தா, ஆ காட்டு. இஞ்சினுக்குள்ள ஸ்பேனர் வருது."

"டைட் பண்ணிராதப்பா. பெறகு என்னையப் பிரிச்சு ஓவராயில் பண்ணணும்."

சிரிப்பில் வாய் மூடிக்கொள்ளும். மறுபடி ஆ காட்டச் சொல்ல வேண்டும். ஒரு திருகுக்கு அரைமணி நேரம் ஆன நாளும் உண்டு.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சாமான். முகத்துக்கு முன்னால் நெடுக ஒரு இரும்புக் கம்பி. மேலே நெற்றியில் ஒரு மெத்தை, கீழே மோவாயில் ஒரு மெத்தை. வாய்க்குள் இருக்கும் தகட்டிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை இழுத்துக் கம்பியில் மாட்ட வேண்டும். நெற்றியும் மோவாயும் தாங்கிக்கொள்ள, ரப்பர் மேல்தாடையை முன்னால் இழுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து மாட்டினால் மறுநாள் காலையில்தான் கழற்றலாம். "இதை எத்தனை நேரம் மாட்டுறாளோ அம்புட்டுத்தான் பலன். விட்டு விட்டு மாட்டுனா வராது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் அதற்கு முகக்கம்பி என்று பெயர் வைத்தோம்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எதிர் வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

"ஏத்தா, புள்ளைக்குக் கடிவாளமா போட்டு விட்டிருக்க? கலெக்டரைக் குதிரையாக்கிட்டியேடி!"

இவள் காலால் தரையைத் தட்டிக் கனைத்துக் காட்டினாள். அக்கா சிரித்த சிரிப்பில் கோலமாவு கொட்டியது. எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போயிற்று. பிள்ளை இப்படி எடுத்துக்கொண்டால் நமக்கென்ன என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். விளக்கைக் குளிரவைத்துவிட்டுப் படுக்கப் போகும் முன் பிள்ளை நெற்றியில் கருப்பன் திருநீற்றை அப்பி, மிச்சத்தை உச்சியில் தூவி விடுவேன். கெட்ட கனவு வராது, பயந்து எழ மாட்டாள். பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. இப்போதும் கம்பியைக் கொஞ்சம் தூக்கித் திருநீறு பூசி, மெத்தையை அதன்மேல் இறக்கி விடுவேன். ஒரு வேலை முடிந்த நிம்மதியில் நானும் படுத்துவிடுவேன்.

மூன்று வாரம் போயிருக்கும். நெற்றியில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி வந்தது. வியர்க்குரு என்று நினைத்தேன், மதுரை வெயிலுக்கு அது புதிதா? கெட்டவர் கண்ணாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. அதனால் திருநீற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பினேன். புள்ளி தடித்தது. இன்னும் கூடுதலாக அப்பினேன். கோயிலுக்குப் போன ஒரு சொந்தக்காரரிடம் சொல்லி மந்திரித்த திருநீறு வரவழைத்து அதையும் சேர்த்தேன். கடைசியில் நெற்றி நடுவில் தோல் உரிந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

மகள் கம்பியைத் தொட விடவில்லை. "எரியுதும்மா. வேணாம்மா" என்று அழுதாள். குதிரை மாதிரிக் கனைத்த பிள்ளை, கம்பி வைத்த பெட்டியைக் கண்டாலே பாத்ரூமுக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மாட்டினாலும் நாங்கள் கண் அசந்ததும் கழற்றிவிடுவாள். அடிக்கவா முடியும்?

டாக்டரம்மாவிடம் போனபோது அளந்து பார்த்து முகம் சுருங்கினார்.

"முதல் மாசம் நல்லா வந்துச்சு. இப்ப நின்னுபோச்சேம்மா."

"மெத்தை ஒத்துக்கல டாக்டரம்மா" என்றேன். "புண்ணாயிருச்சு."

"சிலருக்கு ஒத்துக்காது. மாட்ட முடியாதுன்னா பெறகு முதல்ல சொன்ன வழிதான். வளர்ற வரைக்கும் காத்திருந்து ஆபரேஷன்."

என் கண் நிறைந்துவிட்டது. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோவாயை விரலால் தடவினார்.

"மோவாயில ஒரு பொட்டுப் புண்ணு இல்ல. ரெண்டும் ஒரே மெத்தைதான். மெத்தை ஒத்துக்கலைன்னா ரெண்டு இடத்துலயும்ல வரணும்?" கம்பியை வாங்கி நெற்றி மெத்தையைப் பிதுக்கிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. "இது என்ன? பவுடர் போடுறீங்களா?"

"பவுடர் இல்ல டாக்டரம்மா. திருநீறு."

"படுக்கப் போறப்பவா?"

"தினமும் வைக்கிறதுதான். புண்ணு வந்ததால இப்பக் கொஞ்சம் கூடுதலா…"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏளனமாக இல்லை, விடை கிடைத்த சிரிப்பு. "அம்மா, மெத்தை அழுத்துது, வேர்வை சேருது, பொடி உள்ள அரைபடுது. உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி இருந்திருக்கும் புள்ளைக்கு. களிம்பு தாரேன், ஆறுற வரைக்கும் மாட்டாதீங்க. அப்புறம் நெத்தியில ஒன்னும் வைக்காம, மெல்லிசு துணி வச்சு மாட்டுங்க."

பஸ்ஸில் வரும்போது அதே யோசனைதான். சாமி திருநீறு என் பிள்ளையைப் புண்ணாக்குமா? மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வைக்காமல் விட்டு, ராத்திரி பயந்து அலறினால்? அதற்காக வைத்து, ஆபரேஷனில் போய் நின்றால்? கத்தி வரக்கூடாது என்று கும்பிட்டதும் நான்தான், அதற்கு வழிவிட்டதும் என் கையாகவே இருக்கிறதே.

புண் ஆறிய அன்று சாயங்காலம் கம்பியும் திருநீற்றுக் கிண்ணமும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன, ரெண்டுக்கும் பஞ்சாயத்தா?"

"கேலி பண்ணாதீங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது. வெறும் நெத்தியோட எப்படிங்க படுக்கப் போடுறது?"

"நம்ம கருப்பு குதிரை ஏறி ஊரைச் சுத்துற ஆளு. பாப்பா நெத்தியில அடையாளம் இல்லைன்னா வீடு தெரியாம நிப்பாரா?" என்றார். பிறகு கம்பியைக் கையில் எடுத்து, என்ஜினைப் பார்ப்பதுபோல் அப்படியும் இப்படியும் திருப்பினார். "வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஸ்பேனர்ல இருந்து காத்துப் பம்பு வரைக்கும் பொட்டு வைக்கிறோம்ல? இதுவும் புள்ளைக்கு வேலை செய்யிற இரும்புதான். இதுக்கு வையி."

கம்பியின் நடுவில், தோலில் படாத இடமாகப் பார்த்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று கோடு இழுத்தேன். மகள் தலையை நீட்டி, "நடுவுல ஒரு குங்குமம்" என்றாள். வைத்தேன். என்னமோ கருப்பனே வந்து அந்த இரும்பில் ஏறிக்கொண்ட மாதிரி எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மெல்லிய பருத்தித் துணியை நெற்றியில் மடித்து வைத்து மாட்டி விட்டோம். பிள்ளை விடிய விடியத் தூங்கினாள். பயந்து எழவும் இல்லை, எரிகிறது என்று சொல்லவும் இல்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா கம்பியைப் பார்த்துவிட்டு, "இதுக்குமா பொட்டு?" என்றார்.

"ஓடுற வண்டிக்கு வைக்கிறதுதானே டாக்டரம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"வச்சுக்கங்க. நல்லாவே ஓடுது" என்று அளவுகோலைக் காட்டினார். அப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி இடித்துக்கொண்டு நின்றன. மாதங்கள் போகப் போக, மேல்பல் மெதுவாகக் கீழ்ப்பல்லைத் தாண்டி வெளியே வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்த அன்று டாக்டரம்மா, "மேல்தாடை வந்துருச்சு. வளர வளரக் கண்காணிக்கணும். பின்னாடி பல்லுக்குக் கம்பியும் போட வேண்டி வரும். ஆபரேஷனே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னைக்கு நிலைமைக்கு அதைப் பத்திப் பேச வேண்டியதில்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதும். மற்றதைக் கருப்பனும் டாக்டரம்மாவும் பார்த்துக்கொள்வார்கள்.

வாயிலிருந்து தகட்டைக் கழற்றிய வாரமே அழகர்கோவிலுக்குப் போனோம். அழகரைக் கும்பிட்டு, பதினெட்டாம்படிக் கருப்பனாகக் கும்பிடும் கதவுக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டியதை அழுதுகொண்டே சொல்லிவிட்டு வந்தேன். வெளியே ஒரு அம்மா கொய்யாப்பழத்தைக் குவித்து வைத்திருந்தது. மகள் ஒன்றை எடுத்தாள்.

"நறுக்கி மொளகாப்பொடி போட்டுத் தரவா கண்ணு?"

"வேணாம், முழுசாத் தாங்க."

இரண்டு கையாலும் பிடித்து முன்பல்லை ஊன்றி ஒரே கடி. கறுக் என்று சத்தம் கேட்டது. பழத்தில் வரிசையாகப் பல் பதிந்து ஒரு வாய் அளவு காணாமல் போயிருந்தது. அவள் அந்தத் தடத்தையே பார்த்தாள். "அம்மா, இங்க பாரு, என் கடி!" என்று பழத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

மண்டபத்து மேலிருந்து ஒரு குரங்கு குதித்தது. பழத்தைப் பறித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி உட்கார்ந்து, அவள் கடித்த இடத்திலிருந்தே தின்ன ஆரம்பித்தது.

நான் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மேல்பல் நாலும் முன்னால் நின்றன. வீட்டுக்காரர் அதற்குள் பழக்காரம்மாவிடம், "இன்னொன்னு தாங்கக்கா, நல்லாக் கடுங்காயாப் பாத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.