என் செவலைக்கு யார் விஷம் வைத்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. தீபத் திருவிழா முடிந்து, திருவண்ணாமலையில் கூட்டமெல்லாம் வடிந்து, ரோட்டில் மறுபடியும் நிம்மதியாக ஸ்கூட்டி ஓட்ட முடிந்த மார்கழி மாதம். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருக்கிறது. வீட்டில் இரண்டு மாடுகள். செவலை கறவையில் இருந்தது. கறுப்பு பால் வற்றிப் போயிருந்தது. செவலைக்கு ஆறு மாதத்துக் கிடேரிக் கன்று ஒன்று. தினமும் காலையில் கறந்த பாலை எடுத்துப் போய் வேங்கிக்காலில் நாலு வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் மூக்குக்கு மேல் இல்லை, தலைக்கு மேல் என்பார். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. இது இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். முதலில் கன்றுக்குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முக்கி முக்கி நின்றது. எலும்பு தெரிய இளைத்தது. ஊசி போட்டோம், பூச்சி மருந்து கொடுத்தோம். ஒரு வாரத்தில் செத்துப் போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் செவலையும் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு இரண்டு லிட்டருக்கு இறங்கிவிட்டது. கண்ணில் மஞ்சள் தட்டியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் பெறாத பிள்ளை அது.

யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று என் மனசில் விழுந்துவிட்டது. யாரோ என்ன யாரோ, பக்கத்து நிலத்துக்காரர்தான். எங்கள் நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் நடுவில் ஒரே வரப்பு. அதில்தான் என் மாடுகள் மேயும். ஆவணியில் அந்த வரப்புக்கு அவர் களைக்கொல்லி அடித்திருந்தார். அடிப்பதற்கு முந்தின நாள் வீட்டுக்கே வந்து, "பதினைஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் மாட்டைக் கட்டாதம்மா" என்று சொல்லிவிட்டும் போனார். மருந்து அடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லிவிட்டு அடித்தது மட்டும் மறந்து போயிற்று.

ஒரு நாள் காலையில் டீக்கடை எதிரில் அவரைப் பிடித்துக்கொண்டேன். தினமும் அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிற மனுஷனை நீ, வா, போ என்று பேசினேன். வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்த குடும்பம் விளங்குமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. அதை எல்லாம் இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் எதுவும் பண்ணலம்மா என்று இரண்டு தடவை சொன்னார், அவ்வளவுதான். அப்படியானால் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றேன். ஊர்ப் பெரியவர்கள் மார்கழியில் இதெல்லாம் வேண்டாம், தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் சரி என்று தலையாட்டினார்.

எங்கள் பக்கம் தப்பு செய்யாதவர்கள்கூட கற்பூரம் அணைக்கத் தயங்குவார்கள். சத்தியம் செய்யும்படி ஆயிற்று என்றாலே அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு நிற்கும். அவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். அன்றைக்கு அவ்வளவு ஆத்திரம்.

நாலைந்து நாள் கழித்து ஒரு டாக்டரம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். முப்பது வயசுகூட இருக்காது. கால்நடை டாக்டர், மேல்படிப்புக்காக மாட்டுத் தீவனத்தில் விஷம் எப்படிச் சேருகிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி பண்ணுகிறாராம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தர் சொன்னதால் வந்தேன் என்றார். விஷம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மனே சாட்சி அனுப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கையைப் பிடிக்காத குறையாக வரப்புக்கு அழைத்துப் போய், இந்தப் புல்லை எடுங்க, அந்தப் புல்லை எடுங்க என்று நானே பிடுங்கிக் கொடுத்தேன். தொட்டித் தண்ணீர், வைக்கோல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கவரில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டார்.

பிறகு கொட்டகைக்கு வந்து செவலையின் கண்ணை இழுத்துப் பார்த்தார். கறுப்பையும் பார்த்தார். அது பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"அக்கா, இதுவும் அதே வரப்புலதான் மேயுதா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

அத்தனை நாள் இரண்டு மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவைத்திருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. செவலைக்கும் கன்றுக்கும் கொடுத்து இதற்குக் கொடுக்காதது ஏதாவது உண்டா என்று கேட்டார். புண்ணாக்குதான் என்றேன். கறக்கிற மாட்டுக்குத்தானே புண்ணாக்கு. கன்றுக்குட்டி சீக்கிரம் தேறட்டும் என்று அதற்கும் ஊறவைத்துக் கொடுத்தேன். கடையில் வாங்கினதா என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் நிலத்து மல்லாட்டை, எங்கள் கண் முன்னால் செக்கில் ஆட்டினது என்று பெருமையாகவே சொன்னேன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

அந்த மல்லாட்டையின் கதை இதுதான். ஐப்பசியில் பிடுங்கிக் களத்தில் போட்டிருந்தபோது நாலு நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. காய்ந்தபிறகு நல்லதை எல்லாம் பொறுக்கி மூட்டை போட்டு விற்றோம். கறுத்தது, சுருங்கினது, பச்சையாகப் பூஞ்சை பூத்தது எல்லாம் ஒரு மூட்டை நின்றது. அதை யாரும் குப்பையில் கொட்டமாட்டார்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து ஆட்டினோம். எண்ணெய் தீபத்துக்கு விளக்கேற்ற, புண்ணாக்கு மாட்டுக்கு. என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

புண்ணாக்கு போட்டுவைத்திருந்த டிரம்மைத் திறக்கச் சொன்னார். இதில்தான் விஷம் இருக்கலாம் என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பெத்த பிள்ளை மாதிரி வளர்க்கிற மாட்டுக்கு நானே விஷம் வைப்பேனா, இதோ பாருங்க, நானே தின்னு காட்டறேன் என்று ஒரு கட்டியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

மூக்குக்கிட்டே வந்ததும் கை நின்றுவிட்டது. மக்கின வாடை. உள்பக்கம் நூல் நூலாகப் பூஞ்சை. என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை. காலையும் சாயங்காலமும் என் கையால் ஊறவைத்து, தட்டிக் கொடுத்து, அது தலையைத் திருப்பினபோதுகூட வெல்லம் கலந்து ஊட்டினதை என்னால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. டாக்டரம்மா என் கையிலிருந்த கட்டியை மெதுவாக வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டார்.

ரிசல்ட் வர நாளாகும், ஆனால் இன்றைக்கே இதை நிறுத்திவிடுங்கள் என்றார். பூஞ்சையில் ஒரு விஷம் ஊறும், ஈரலைத்தான் முதலில் அரிக்கும், வெயிலில் காய்ந்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது என்று விளக்கினார். ஈரலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி, அந்த விஷம் பாலிலும் இறங்கும் அக்கா, சோதித்துச் சொல்கிறவரைக்கும் யாருக்கும் ஊற்ற வேண்டாம், நீங்களும் குடிக்க வேண்டாம் என்றார். வேங்கிக்காலில் ஒரு வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை. என் பாலைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் வெறும் கேனோடு போய் நாலு வீட்டிலும் உள்ளதைச் சொன்னேன். ஒரு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். அந்தக் குழந்தையின் அம்மாதான், வந்து சொன்னீங்களே, அதுவே போதும் என்றார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொன்னாலும் தகும்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்குச் செவலைக்குக் கொம்பில் வண்ணம்கூட அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கட்டுப் பச்சைச் சோளத்தட்டை முழுசாகத் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தியத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, டாக்டரம்மா போன் பண்ணினார். புல்லில் ஒன்றும் இல்லை, தண்ணீரில் ஒன்றும் இல்லை. புண்ணாக்கில்தான் விஷம், ரொம்ப ஜாஸ்தி. இன்னும் பத்து நாள் போயிருந்தால் செவலையும் தங்கியிருக்காது என்றார். நான் அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அப்போது அவர் சொன்னார்:

"அந்த அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்கக்கா. மாடு எப்படி இருக்குன்னு என்னை ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுட்டார்."

எந்த அண்ணன் என்று கேட்டேன். உங்கள் பக்கத்து நிலத்துக்காரர்தான், வேங்கிக்காலில் எங்கள் கால்நடை ஆபீசைத் தேடி வந்து, எப்படியாவது வந்து அந்த மாட்டைப் பாருங்கள் என்று காத்துக்கிடந்து சொல்லிவிட்டுப் போனாரே என்றார். என் பெயரைச் சொன்னால் அந்தம்மா உங்களை உள்ளேயே விடாது என்றும் சொன்னாராம். போனை வைத்தபிறகு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயிலில் ஊரே நின்றது. அவர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கையில் கற்பூரத்தோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. பூசாரி தட்டை நீட்டும்போது நான் நடுவில் போய் நின்றேன். டீக்கடை முன்னால் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அவ்வளவு சத்தமாகவே பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதிதான் வந்தது.

"அவரு ஒண்ணும் பண்ணல. என் மாட்டுக்கு விஷம் வெச்சது நான்தான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சொத்தை மல்லாட்டை, புண்ணாக்கு, ரிசல்ட், ஒன்று விடாமல். கூட்டத்தில் நாலைந்து பேர் முகம் மாறினதைப் பார்த்தேன்; அவர்கள் வீட்டு டிரம்மிலும் அதே சரக்குதான். பிறகு அவர் காலில் விழப் போனேன். சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

அவ்வளவு பேசினேனே, அதற்கப்புறமும் எனக்காக ஏன் அலைந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கற்பூரத்தைப் பூசாரி தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. அப்ப வேற ஏதோ ஒண்ணு மாட்டைக் கொல்லுதுன்னுதானே அர்த்தம்? நீ என் மேலயே கண்ணு வெச்சிக்கினு இருந்தா, அதை யாரு பாக்கறது? அதான் போனேன்."

செவலை தேற மூன்று மாதம் ஆயிற்று. பாலைச் சோதித்து, இனி ஊற்றலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வேங்கிக்காலுக்குப் போனேன். மீதி இருந்த புண்ணாக்கைக் குழி தோண்டிப் புதைத்தோம். அவர் பெண்ணுக்கு அந்தச் சித்திரையிலேயே கல்யாணம் ஆயிற்று. பந்தியில் பரிமாறினவர்களில் நானும் ஒருத்தி. என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் கம்மி ஆகியிருக்கிறது. ஆனால் நான் ஊர் நடுவில் அவரைச் சபித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் என் மாட்டைக் காப்பாற்ற ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் யார் மேலாவது பழி சொல்ல வாய் திறக்கும்போது எனக்கு வார்த்தை வராமல் போய்விடுகிறது.