பூனைக்கும் பிறந்த வீடு உண்டு

மாட்டாஸ்பத்திரி உத்தியோகத்தில் மாடு உதைத்த காயம் ஆறிவிடும். பூனைக்குட்டி ஒருதரம் மடியில் ஏறி உட்கார்ந்தால் அது ஆறவே ஆறாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசமுத்திரத்துப் பக்கம் கால்நடை மருத்துவராகச் சேர்ந்தேன். எருமைக்குப் பிரசவம் பார்ப்பேன், ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மருந்து கொடுப்பேன், கோழிக்கு ஊசி போடுவேன். பூனையைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை. பூனை வளர்த்தவர்களே, மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு, ‘வேணுமா, வேணுமா’ என்று சொந்தபந்தங்களைத் துரத்தித் துரத்திக் கேட்டவர்கள்தானே நீங்களும்? உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொலுப் பெட்டி

நான் குடியிருந்தது சிதம்பரம் பிள்ளை அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில். அண்ணாச்சி தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்கட்டில் அவரும் அவர் மனைவி கோமதி ஆச்சியும் மட்டும்தான். ஒரே மகளைப் பம்பாயில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் சேலத்துக்காரி, தனி ஆள். நான் குடிவந்த சில நாளில் சாம்பல் நிறப் பூனை ஒன்றும் குடிவந்தது. வாடகை பேசவில்லை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை, நேராக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தது. வள்ளி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த கொஞ்ச நாளில் என் ரப்பர் கம்பூட்ஸ் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் மூன்று குட்டி போட்டாள். மூன்றும் பெண்.

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். வள்ளி சோம்பேறி. வீடு மாறாமல் ஒரே வீட்டுக்குள் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள். பரண், விறகு மூலை, என் துணி அலமாரி என்று போய், ஒருநாள் குட்டிகளைக் காணவே காணோம். நவராத்திரிக்கு ஆச்சி கொலுப் பெட்டியைத் திறந்தபோது, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த பொம்மைகளுக்கு நடுவே மூன்று மட்டும் அசைந்தன. ஆச்சி சிரித்த சிரிப்பில் நான் பின்கட்டில் இருந்து ஓடி வந்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்: “இந்த ஈத்து போட்டும். அடுத்த ஈத்து இந்த வீட்ல நடந்துதுன்னா, அதுக்கும் வேற வீடு, ஒங்களுக்கும் வேற வீடு பாத்துக்கிடுங்க டாக்டரம்மா.”

சத்தம் கூடாது

பூனை வாடையே ஆகாது என்று சொன்ன மனிதர், குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கத் தொடங்கியதும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குட்டி கறுப்பிக்கு அவர் வேட்டி நுனிதான் ஏணி. உடம்பெல்லாம் வரியோடு இருந்த வரிச்சிக்கு அவர் கழுத்து உருத்திராட்சம்தான் ஊஞ்சல். மூன்று நிறத்தில் இருந்த பொட்டு மட்டும் விளையாட மாட்டாள். அவர் கழற்றிவைத்த செருப்புக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாள். அதனால் அவர் கோயிலுக்கு வெறுங்காலோடு போய்வந்தார். கேட்டால், சாமியைப் பார்க்கப் போகச் செருப்பு எதற்கு என்பார்.

ஆஸ்பத்திரியில் எத்தனை மாட்டிடம் உதைவாங்கியிருந்தாலும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் அந்த மூன்றும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஒருநாள் குத்தகைக்காரர் ஒருவர் வந்து, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று தன் வழக்கமான குரலில் முறையிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தன் மடியைக் காட்டினார். “பைய பேசும்வே. பிள்ளைகள் ஒறங்குது.”

படித்துறை

குட்டி வேண்டாம் என்றால் வள்ளிக்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும், குட்டிகள் வளர்ந்ததும் அவற்றுக்கும் செய்ய வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “வாயில்லாப் பிராணிக்குப் பிள்ளைப்பேறே இல்லாம ஆக்குதது பாவம்லா?” என்றார். குட்டியும் கூடாது, ஆபரேஷனும் கூடாது. வேறு என்ன செய்வதாம்? வள்ளியிடம் அவரே பேசிப் பார்க்கட்டும் என்று நானும் கோபமாக விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு காலை, ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் ஈர வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். கையில் வாய் கட்டிய சாக்கு. படித்துறைக் கல்லிடுக்கில் சிக்கிக் கிடந்ததாம். கம்பவுண்டர் மாடசாமி கட்டை அவிழ்த்தார். பூனைக்குட்டிகள். ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. யாரோ கெட்டவன் செய்த வேலையில்லை. வீட்டில் பெருகிப்போய், கொடுக்க ஆள் கிடைக்காமல், வழி தெரியாதவர்கள் செய்வது. எனக்கு அழுகையாக வந்தது. பிழைத்ததைத் துடைத்துச் சூடு காட்டி வீட்டுக்குக் கொண்டுபோனோம். வள்ளி அதை மோந்து பார்த்தாள், ஒருதரம் உறுமினாள், பிறகு நக்கிக் கொடுத்துத் தன் குட்டிகளோடு சேர்த்துப் படுக்கவைத்துப் பால் கொடுத்தாள். அது ஆண், கடுவன் குட்டி. அண்ணாச்சி அதைத் தன் துண்டிலேயே வைத்துக்கொண்டார். என்னிடம் கேட்டார்: “ஆபரேசன் பாவம்னு சொன்னேன். இதுக்குப் பேரு என்ன டாக்டரம்மா?”

ஜாதகம் ஒன்றுதான் பாக்கி

மார்கழியில் குட்டிகளுக்கு வீடு தேடினோம். ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்களை அண்ணாச்சி விட்டால்தானே? நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆச்சி காபி கொண்டுவந்து கொடுக்க, விசாரணை தொடங்கும். வீட்டில் நாய் உண்டா? கிணற்றுக்கு மூடி உண்டா? தெருவில் லாரி போகுமா? வீட்டம்மா கோபக்காரியா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்லிவிட்டால் கடைசிக் கேள்வி: வயசு வந்ததும் ஆபரேஷனுக்கு அனுப்பச் சம்மதமா? அந்தக் கேள்வியில் பாதிப் பேர் காபியோடு எழுந்துவிடுவார்கள். மீதிப் பேரை அவரே ஏதாவது சொல்லிக் கழித்துவிடுவார்.

ரைஸ் மில் கணக்கப்பிள்ளை ஒருவர் எலித்தொல்லைக்குப் பூனை வேண்டும் என்று நல்ல மனதோடுதான் வந்தார். “எலி பிடிக்கணும்னா பொறி வாங்கும்” என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் முறையிட்டார்: “பூனைக்குட்டிதான் கேட்டு வந்தேன் டாக்டரம்மா. அண்ணாச்சி ஜாதகம் ஒண்ணுதான் கேக்கலை.”

ஒருவழியாகப் பொங்கலுக்குள் மூன்றுக்கும் வீடு அமைந்தது. கறுப்பி உள்ளூரிலேயே ஒரு டீச்சர் வீட்டுக்கு, வரிச்சி கல்லிடைக்குறிச்சிக்கு, பொட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் வீட்டுக்கு. பொட்டு போன அன்று அண்ணாச்சி ராத்திரிப் பலகாரம் சாப்பிடவில்லை என்று ஆச்சி சொன்னார்.

மாமியின் விரதம்

வள்ளிக்கு முன்னால் வேறொரு பூனைக்குத்தான் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டு விற்கும் விசாலம் மாமி, வரிச்சி போன வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டுப் பூனை போட்ட குட்டிகள், மாடியில் காயும் அப்பளங்களின் மேல் நடந்து ஒவ்வொன்றிலும் முத்திரை பதித்துக்கொண்டிருந்தன. குட்டிகளைப் பக்குவமாக ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தாய்ப்பூனையை ஆபரேஷனுக்குக் கொண்டுவருகிறேன் என்றார். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினேன்.

சொன்ன நாளில் மூடிபோட்ட கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் வாடியிருந்தது. பூனையின் வயிறோ மத்தளமாக இருந்தது. ‘என்ன மாமி இது’ என்றேன். “வெறும் வயிறுன்னேளேன்னு நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கலை. இது பாவம், ஆபரேஷனுக்குப் போறதேன்னு பால்சாதம் பெசஞ்சு போட்டேன்” என்றார். மயக்கத்தில் பூனை வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து என்று விளக்கி, மாமிக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். மாமி இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே சாவகாசமாகக் கேட்டார்: “அது சரி, உங்காத்துப் பூனைக்குப் பண்ணிட்டேளா? முதல்ல அதுக்குப் பண்ணுங்கோ, பொழச்சு வரட்டும், பாத்துட்டு வரேன்.”

திறந்த கண்

மாமி கேட்டது சரியான கேள்வி. எருமைக்குள் தோள்வரை கையை விட்டுப் பழகியவள் நான். பூனையின் வயிற்றில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் கீற வேண்டும். கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நிற்க, பயத்தோடு செய்து பார்த்தது. இங்கே பக்கத்தில் மாடசாமிதான். வள்ளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வட்டாரத்தில் ஒருவரும் இனிமேல் பூனையைக் கொண்டுவர மாட்டார்கள், சாக்குகள்தான் வரும். அதைவிட, என் வள்ளி போய்விடுவாள். கூடையில் அவளைக் கொண்டுவந்த அண்ணாச்சியிடம் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கச் சொன்னேன். கத்தியை எடுத்தேன். கருப்பை நல்லபடியாக வெளியே வந்தது, ரத்தம் இல்லை, தையலும் போட்டு முடித்தேன்.

அந்த மயக்க மருந்தில் பூனையின் கண் மூடாது. அதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்தவர் கண் நிலைகுத்தி, நாக்கு வெளியே தள்ளிக் கிடந்த வள்ளியைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையை எடுத்து அவள் நெஞ்சின் மேல் வைத்தேன். துடிப்பு தெரிந்ததும் அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. எனக்கும் மாடசாமிக்கும்கூடத்தான். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். மதிய வெயில் சாயும் நேரத்தில் வள்ளி தலையைத் தூக்கி, மயக்கம் தெளியாமல் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அண்ணாச்சி குனிந்து அவளிடம் சொன்னார்: “ஏட்டி வள்ளி, எங்களை எல்லாம் அழ வச்சிட்டு, நீ பாட்டுக்குத் தலையாட்டுதியே.”

அழைப்பு

வள்ளி பிழைத்த செய்தி மாமிக்கு எட்டியது. அடுத்த வாரம் பூனை பட்டினியோடும் மாமி வயிறு நிறையச் சாப்பிட்டும் வந்து சேர்ந்தார்கள். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் ஆஸ்பத்திரி வாசலில் மாடுகளுக்கு நடுவே கூடைகளும் காத்திருந்தன. வள்ளி தின்று கொழுத்து, அண்ணாச்சியின் நாற்காலிக்குச் சொந்தக்காரியானாள். எங்களோடு தங்கிவிட்ட படித்துறைப் பயலுக்கும் அவன் பங்குக்கு ஆபரேஷன் செய்தாயிற்று.

பங்குனியில் குட்டிகளுக்குப் பருவம் வரும் நேரம். அவரவர் கொண்டுவருவார்கள் என்று நான் இருந்தேன். அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வெற்றிலை பாக்கு பழத்தோடு மூன்று வீட்டுக்கும் தானே போனார். கொடுத்த வீட்டுக்குப் போய் முறையாக அழைத்துத்தான் கூட்டிவர வேண்டுமாம். தையல்காரர், ‘என்ன அண்ணாச்சி இதெல்லாம்’ என்று கூச்சப்பட்டதற்கு, “பொண்ணைப் பெத்தவன் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட வருவான். நான் பிரசவமே ஆகாம இருக்கதுக்குக் கூப்பிட வந்திருக்கேன். தையல் பிரிக்கது வரைக்கும் எங்க வீட்லதான் இருக்கும்” என்றாராம். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில், மடியில் பொட்டு இருந்த கூடையோடு அவர் வந்து இறங்கியதை நானும் ஆச்சியும் வாசலில் நின்று பார்த்தோம். கூடைக்கு மேல் குடை பிடித்திருந்தார். அவர் தலை வெயிலில் இருந்தது. ஆச்சி உள்ளே போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தார். சுற்றும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அண்ணாச்சி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்: “எம்மவ தலைப்பிரசவத்துக்குப் பம்பாயில இருந்து வந்தப்ப, ரயிலடிக்குத் தம்பியை அனுப்பின மனுசன் இவுக.”

மூன்றுக்கும் தையல் பிரித்த மறுநாளே அண்ணாச்சி மகளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவரப் பம்பாய்க்கு ரயில் ஏறினார் என்பதால், ஒரு பூனையின் கருப்பையை எடுத்து ஒரு மனிதரைத் தகப்பனாக்கிய ஒரே மாட்டு டாக்டர் அந்த ஜில்லாவில் நான்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.