முதல் வரியில் உட்கார்ந்திருந்தவர்

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் போதும், தங்களுக்குப் பக்கத்து மேலகரத்தில் ஓர் உறவுக்காரர் இருப்பது தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு நினைவுக்கு வந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை அனுசியாவின் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துண்டுகளில் ஒன்றுகூட அந்த வீட்டுத் துண்டு இல்லை.

அனுசியா ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். கணவர் செந்தில்வேல் போலீஸ் ஏட்டு. வருடக்கணக்கில் ஆளுக்கொரு ஊரில் இருந்துவிட்டு, அவருக்குக் குற்றாலம் மாறுதல் கிடைத்த பிறகு இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. இன்று மாலைக்குள் அவளிடம் கொடுத்த லைப்ரரி ஓடாவிட்டால், திங்கள்கிழமை முதல் பெங்களூர் ஆபீசில் வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு.

லைப்ரரி என்றால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, ஊருக்கு இலவசமாக விட்ட நிரல். இலவசம் என்பதால் மாவாகத் தரமாட்டார்கள்; அரிசியாகத்தான் தருவார்கள். நம் கணினியில் நாமே கம்பைல் செய்து அரைத்துக்கொள்ள வேண்டும். அனுசியா அரைத்தாள். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் ஓடி, கடைசிப் பிழையில் வந்து நின்றன. அதை இணையத்தில் தேடினாள். ஒரு ஜெர்மன்காரர் அரைக்கிற கம்பைலரையே மாற்றச் சொன்னார், மாற்றினாள். ஒரு பிரேசில்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார், போட்டாள். இன்னொருவர் இதே பிழை தனக்கும் வந்ததாக எழுதி, அடியில் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரை அனுசியா திட்டியதை அச்சில் போட முடியாது.

மத்தியானம் செந்தில்வேல் அருவி டூட்டியிலிருந்து நனைந்த தொப்பியோடு சாப்பிட வந்தார்.

"என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"பெட்டியக் கட்டணும் போல. ஒண்ணச் சரிபண்ணுனா இன்னொண்ணு வருது."

"எனக்கும் அதே கததான். வரிசையில ஒரே தள்ளுமுள்ளு."

"யாரப் பிடிச்சீய?"

"கைக்கு எட்டுனவன. பாவம், கடைசியில சோப்பு போட்டுக்கிட்டு நின்னான்."

"ஆரம்பிச்சவன்?"

"அவன் எப்பமோ செங்கோட்டை பஸ்ஸு ஏறியிருப்பான்."

அனுசியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. காலையிலிருந்து அவளும் சோப்பு போட்டவனைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள். முதல் பிழை எப்போதோ திரையைத் தாண்டி மேலே போயிருந்தது.

பிழைகளையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டச் சொல்லி மறுபடி ஓட்டினாள். கோப்பின் தலைமாட்டுக்குப் போனாள். அவளே எழுதிய ஒரு கோப்பின் முதல் வரியில் 'உ' என்று ஏதோ இருக்கிறது, அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று கம்பைலர் முறையிட்டிருந்தது.

பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரை பிள்ளையார் சுழி போடாமல் அனுசியா எதையும் தொடங்கியதில்லை. கணினியிலும் அப்படித்தான். ஆனால் அங்கே சுழிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிடுவாள். கோடு இருந்தால் அது மனிதர்கள் சமாச்சாரம் என்று கம்பைலர் ஒதுங்கிக்கொள்ளும். இந்த லைப்ரரிக்கு ஓர் அமைப்புக் கோப்பை நாமே எழுதித் தர வேண்டும். நேற்று அதைத் திறந்து சுழி போட்ட நேரத்தில் திருவேங்கடம் ஊரிலிருந்து உறவினர்களின் வேன் வாசலில் வந்து நின்றது. கோடு போடாமலே எழுந்து போய்விட்டாள். மற்ற எல்லாக் கோப்புகளும் அதைத்தான் முதலில் கூப்பிடும் என்பதால், விக்கினம் தீர்க்கிறவரே கோப்புக்குக் கோப்பு வழிமறித்து உட்கார்ந்திருந்தார்.

அழிக்கக் கை வரவில்லை. முன்னால் இரண்டு கோடு போட்டு ஓட்டினாள். செந்தில்வேல் ரசத்துக்கு வருவதற்குள் ஓடி முடிந்தது. சிவப்பே இல்லை.

தகவல் அனுப்பியதும் மேலாளர் நிலோபர் ஃபோனில் கூப்பிட்டார். கடையநல்லூரில் பிறந்து பெங்களூரில் இருப்பவர்.

"ஓடிட்டா? என்ன கோளாறு?"

"மொத வரியில ஒரு வேண்டாத எழுத்து இருந்துதுக்கா." சொன்ன வாயோடு அனுசியா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன எழுத்து?"

"பிள்ளையார் சுழி."

சொல்லிவிட்டு அனுசியா மனசுக்குள் பெங்களூர் ரயிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் எல்லா ஃபைல்லயும் மேல பிஸ்மில்லாவுக்கு 786 போடுதவதான்" என்றார் நிலோபர். "கோடு போட்டுல்லா போடணும், கோட்டிக்காரி."

"அப்பம் திங்கக்கிழம?"

"இங்கன வந்து என்ன செய்யப் போற? அங்கனயே இரு. மேல நான் பேசிக்கிடுதேன்."

ஃபோனை வைத்த பிறகுதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அனுசியாவுக்கு உறைத்தது. கணவரின் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள்.

"அது எனக்கு வச்சது" என்றார் செந்தில்வேல்.

"திங்கக்கிழமையும் எடுப்பேன்" என்றாள்.